பழைய ஷூபாக்ஸ் டேப் ரெக்கார்டர்: வடிவம் கெடாமல் ஓட வைப்பது எப்படி?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மெக்கானிக்கல் மாணவர்களுக்காக ஒரு காட்சி மேசை தயாராகிறது. கையில் தூக்கிப் போகிற ஒலிப்பதிவுக் கருவிகள் ஏன் அந்தந்த வடிவத்தில் வந்தன என்பதைப் பிரித்து வைத்துக் காட்ட வேண்டும். ஒரு கருவியாவது மேசையில் ஓடவும் வேண்டும்.

கைவசம் இருப்பவை ஜப்பான் தயாரிப்பு மோனோ கேசட் ரெக்கார்டர்கள் இரண்டு, ஒரே மாடல், எழுபதுகளைச் சேர்ந்தவை. முன்பக்கம் பியானோ கீ வரிசை, கைப்பிடி, நான்கு நடுத்தர அளவு பேட்டரி, 6 வோல்ட். முதலாவதில் பிளே அழுத்தினால் மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் கேசட் சுற்றவில்லை. இரண்டாவதில் ஒன்றுமே அசையவில்லை. அதன் பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, மூடியும் காணோம். இரண்டின் மேல்மூடியும் மஞ்சளாகிவிட்டது.

கேட்க வேண்டியவை மூன்று. ஷூபாக்ஸ் (செருப்புப் பெட்டி வடிவ) ரெக்கார்டர் எந்தக் கம்பெனி செய்தாலும் ஏன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது? எந்த வரிசையில் ரிப்பேரில் இறங்குவது? பேட்டரி மூடியை ஓசூரில் செய்து வாங்க முடியுமா, மஞ்சளை எடுக்கலாமா? பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்தில் பதிவு செய்த கேசட்டுகள் சில கிடைத்திருக்கின்றன. அவற்றை இதே கருவியில் ஓட்டிக் காட்ட ஆசை.

---

கம்பைநல்லூர் ஒலி (தருமபுரி) பதில்:

முதல் கேள்விக்கு நான் சொல்றேன். ரிப்பேருக்கு காவேரிப்பட்டணத்துக்காரர் வருவார், அவர்தான் சரியான ஆள்.

இந்தக் கருவிகளோட உருவத்தை முடிவு பண்ணினது மூணு விஷயம்: பேட்டரியோட பருமன், டேப் போற பாதை, அதை வெச்சிருக்கறவங்க கை எங்கே இருக்கும்ங்கறது. அலங்காரம் அதுக்கப்புறம்தான் வருது. மாணவர்களுக்கு இந்த மூணையும் ஒவ்வொரு கருவியிலும் தேடச் சொல்லுங்க, மத்ததெல்லாம் தானா விளங்கும்.

சுவிட்சர்லாந்தில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் செஞ்ச முதல் நாக்ரா ரெக்கார்டரில் டேப்பை ஓட்டறது சாவி கொடுக்கற ஸ்பிரிங் மோட்டார். ஒலியைப் பெருக்கற வால்வுக்கு மட்டும்தான் பேட்டரி. ஐம்பதுகளோட கடைசியில் வந்த நாக்ரா 3 டிரான்சிஸ்டருக்கும் மின் மோட்டாருக்கும் மாறிடுச்சு. 12 டார்ச் பேட்டரி, அலுமினியப் பெட்டி. மூடி சாத்தினா 13 செ.மீ. சுருள்தான் போடலாம், மூடியைத் திறந்து வெச்சா 18 செ.மீ. சுருள் போகும். தோளில் மாட்டி நடக்கறப்போ சின்னது, ஸ்டுடியோ மேசையில் பெருசு. ஒரே பெட்டி ரெண்டு வேலை செய்யணும்னு மூடியை வெச்சே தீர்த்திருக்காங்க. பெரிய டார்ச் பேட்டரி குறுக்குவாட்டில் 34 மி.மீ. அந்த மாதிரி 12 பேட்டரியை உள்ளே படுக்கப் போட்டா பெட்டி எவ்வளவு மெலியும்னு பசங்களையே கணக்குப் போடச் சொல்லுங்க.

ஜெர்மனியில் 1961-ல் வந்த ஊஹர் 4000 ரிப்போர்ட் அடுத்த படி. 13 சென்டிமீட்டர் சுருள், நாலு வேகம், அஞ்சு டார்ச் பேட்டரி. நிருபர் தோளில் தொங்கவிட்டுக்கிட்டே குனியாம இயக்கணும்னு கீ எல்லாம் ஒரே வரிசையில் ஓரத்தில் வந்துடுச்சு. பிற்பாடு கேசட் ரெக்கார்டரில் நீங்க பாக்கற கீ வரிசைக்கு முன்மாதிரி இந்த வகை ரீல் கருவிகள்தான்.

இனி பிலிப்ஸ். பெல்ஜியத்தில் ஹாசெல்ட் தொழிற்சாலையில் லூ ஓட்டன்ஸ் குழு செஞ்சது. கோட் பையில் நுழையற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி வெச்சுக்கிட்டு, கருவி இதைத் தாண்டக் கூடாதுன்னு வேலையைத் தொடங்கினாங்க. 1963 பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஈ.எல். 3300 வந்தது, அதுகூடவே இன்னைக்கு நாம சொல்ற கேசட்டும் வந்தது. கேசட் ஏறக்குறைய 100 × 64 × 12 மி.மீ., டேப் அகலம் 3.81 மி.மீ., வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. அந்தக் கருவியில் பியானோ கீ கிடையாது. ஒரே ஒரு நெம்பு: முன்னே தள்ளினா பிளே, ரெண்டு பக்கமும் சாய்ச்சா முன்னோட்டம், பின்னோட்டம். ரெக்கார்டுக்குத் தனியா ஒரு சிவப்புப் பட்டன். வடிவமைப்புன்னு பாத்தா எனக்கு இதுதான் எல்லாத்திலும் உயர்ந்தது. மேசையில் நிஜக் கருவி வைக்க முடியாட்டியும் ஒரு பெரிய படமாவது வைங்க.

ஷூபாக்ஸ் ஏன் ஒரே மாதிரி இருக்குங்கறதுக்கு வர்றேன். மேல்மூடியைக் கழட்டிட்டு பிளே கீயை மெதுவா அழுத்திப் பாருங்க. உங்க விரல் பலத்தில்தான் மொத்த வேலையும் நடக்குது. டேப்பைப் படிக்கற ஹெட் மாட்டின தகடு கேசட்டைப் பாத்து நகருது, டேப்பை அழுத்தற ரப்பர் உருளையான பின்ச் ரோலரோட ஸ்பிரிங் விறைக்குது, மோட்டாருக்குப் போற தகட்டு சுவிட்ச் மூடுது, பூட்டுப் பட்டை வந்து கீயைப் பிடிச்சுக்குது. மின்காந்தம் எதுவும் இல்லை, ஏன்னா அது பேட்டரியைத் தின்னுடும். அவ்வளவு விசை ஒரு விரலில் வரணும்னா கீ அகலமா, நீள அசைவோட, ஹெட் தகட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாகணும். அதனால் கேசட்டோட திறந்த வாய் கீ பக்கம் திரும்பி நிக்குது. அப்படி நிக்கறதால கேசட் லேபிளும் உங்களுக்கு நேரா படிக்கற மாதிரி அமையுது. மிச்சம் இருக்கற பாதியில் ஸ்பீக்கர் போயிடுது. கேசட்டுக்கு அடியில் வேகத்தைச் சீரா வைக்கற கனமான சக்கரம், ஃபிளைவீல், படுத்திருக்கு, பேட்டரியோட குறுக்களவு 26 மி.மீ. ரெண்டையும் சேர்த்தா பெட்டி உயரம் 6 செ.மீ.க்கு முன்னே பின்னே வந்து நிக்கும். எந்தக் கம்பெனி கணக்குப் போட்டாலும் விடை இதுதான். கைப்பிடி குறுகின பக்கத்தில் இருக்கறதால நீளவாக்கில் தொங்கும், நடக்கறப்போ முட்டியில் இடிக்காது.

ரெக்கார்டு கீ சிவப்பா இருக்கறதும், பிளேயோட சேர்த்து அழுத்தினாதான் இறங்கறதும் தெரியாம அழிஞ்சுடக் கூடாதுன்னுதான். இன்னொரு காவலும் இருக்கு. கேசட்டோட முதுகில் இருக்கற சின்னப் பல்லை உடைச்சிட்டா, உள்ளே ஒரு விரல் மாதிரி நெம்பு அந்தப் பள்ளத்தில் விழுந்து ரெக்கார்டு கீயைத் தடுத்துடும். கூத்துக் கேசட்டில் முதல் வேலையா அந்தப் பல் ரெண்டையும் உடைங்க.

ஒலி அளவு முள்ளும் ரெக்கார்டு திருகும் ஷூபாக்ஸில் பெரும்பாலும் கிடையாது. தானியங்கி அளவுக் கட்டுப்பாடு அந்த வேலையைப் பாத்துக்கும். யார் கையில் கொடுத்தாலும் பதிவாகும்ங்கற முடிவு அது. அதுக்கு விலையும் உண்டு. உங்க கூத்து கேசட்டில் கவனிச்சுக் கேளுங்க: மத்தளம் ஓங்கி விழுந்ததும் பாட்டுக் குரல் அமுங்கி, மெதுவா மேலே எழும்பும். ஆட்டக்காரர் பேச்சை நிறுத்தினா சுத்துப்பட்டுக் கூட்டத்தோட இரைச்சல் ஏறிக்கிட்டே வரும். டேப் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, அந்தச் சுற்று அப்படித்தான் வேலை செய்யும். வடிவமைப்பு முடிவு ஒண்ணு காதால கேக்கற மாதிரி கிடைக்கறது அபூர்வம், மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் போட்டுக் காட்டுங்க.

சின்னக் கருவிகளைச் சுருக்கமா சொல்லிடறேன். சோனி டி.சி. 50, 1968-ல் வந்த கையடக்க ரெக்கார்டர், அப்போலோ பயணங்களில் போனது. 1979 ஜூலையில் வந்த முதல் வாக்மேன் டி.பி.எஸ். எல்2, நிருபர்களுக்கான பிரஸ்மேன் ரெக்கார்டரில் இருந்து பதிவு வேலையை எடுத்துட்டு ஸ்டீரியோ வெச்சதுதான். ஸ்பீக்கரும் போயிடுச்சு, அதனால்தான் அவ்வளவு சின்னதாச்சு. மறுபக்கம் டி.சி. டி5, 1978: ரெண்டே டார்ச் பேட்டரியில் தரமான ஸ்டீரியோ பதிவு. 1984-ல் வந்த டபிள்யூ.எம். டி6சி அதே தரத்தை நாலு பென்சில் செல்லில் கொண்டுவந்தது.

---

காவேரிப்பட்டணம் சர்வீஸ் பதில்:

சார், முதல்ல ஒரு வார்த்தை. ரெண்டும் ஒரே மாடல்னா, பேட்டரி ஒழுகினதைப் பிரிச்சு வைக்கவும், மோட்டார் ஓடறதை ஓட வைக்கவும் எடுத்துக்குங்க. ரெண்டையும் உயிர்ப்பிக்கப் பார்த்து ரெண்டையும் அரைகுறையா விடாதீங்க.

மோட்டார் சத்தம் வருது, கேசட் சுத்தலைன்னா பத்துக்கு ஒன்பது பெல்ட்தான். அதனால முதல் செட்டைக் கழட்டுங்க. அடிப்பக்கம் நாலஞ்சு திருகு இருக்கும், ஒண்ணு பேட்டரி அறைக்குள்ளே ஒளிஞ்சிருக்கும். எந்தத் திருகைக் கழட்டணும்னு பக்கத்துலயே பிளாஸ்டிக்ல சின்ன அம்புக்குறி அச்சாகியிருக்கும், அம்பு இல்லாததைத் தொடாதீங்க. ஜப்பான் திருகுக்குச் சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவர் முழுசா உட்காராது, அழுத்தித் திருப்பினா தலை உருண்டுடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) முனை வாங்கிக்குங்க. மூடியைப் பட்டுனு தூக்காதீங்க. ஸ்பீக்கர் வயரும் பேட்டரி வயரும் குட்டையா இருக்கும், பிய்ஞ்சிடும். ஒவ்வொரு நிலையிலும் போன்ல படம் எடுத்து வைங்க.

பழைய பெல்ட் ரெண்டு விதமாக் கெடும். ஒண்ணு நீண்டு தொங்கும், அது பிரச்சினையில்லை. இன்னொண்ணு கருப்புத் தார் மாதிரி உருகி புல்லியில ஒட்டியிருக்கும். கையால தொட்டா நகத்துக்குள்ள போய் நாள்கணக்குல போகாது, துணியில பட்டா கறை நிக்கும். ஐஸ்குச்சியைச் சீவி வழிச்சு எடுத்துட்டு, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பட்ஸால துடைங்க. புல்லி பள்ளத்துல துளி மிஞ்சினாலும் புதுப் பெல்ட் அங்க வந்து ஏறி இறங்கும், பாட்டு அலையும். தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கிற திரவம் எதுவும் பெட்டிக்கிட்ட வரக் கூடாது. பிளாஸ்டிக் கரைஞ்சு வெடிச்சிடும்.

அளவு எடுக்க, நூலை மோட்டார் புல்லி, ஃபிளைவீல் எல்லாத்தையும் சுத்திப் போட்டு முடிச்சு போடற இடத்துல குறி வைங்க. அந்த நீளத்துல 5-ல இருந்து 8 சதவீதம் குறைச்சு பெல்ட் வாங்குங்க. சதுர வெட்டு பெல்ட்டா, பட்டை பெல்ட்டாங்கறதைப் புல்லி பள்ளத்தைப் பார்த்தாலே தெரியும். இறுக்கமா இருந்தா நல்லதுன்னு நினைக்கறது தப்பு. இறுக்கம் கூடினா மோட்டார் புஷ் ஒரு பக்கம் தேயும், வேகம் குறையும், பேட்டரி சீக்கிரம் தீரும். ஆபீஸ் ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டறதும் வேண்டாம். அதோட தடிமன் எல்லா இடத்திலும் ஒண்ணா இருக்காது, ஒவ்வொரு சுத்துக்கும் சுருதி ஆடும்.

பெல்ட் மாத்தினதும் நல்ல கேசட்டைப் போட்டுடாதீங்க. வெத்துக் கேசட் ஒண்ணு போட்டு, வலது பக்கச் சுருள் டேப்பை ஒழுங்கா இழுத்துச் சுத்துதான்னு பாருங்க. இங்கதான் நிறைய டேப் சாகுது. கேப்ஸ்டன்ங்கற சுழலும் கம்பி டேப்பைத் தள்ளிக்கிட்டே இருக்கும், வலதுச் சுருள் வாங்கலைன்னா டேப் வழிஞ்சு பின்ச் ரோலர்ல சுத்திக்கும். காரணம், சுருளைச் சுத்த வைக்கற ஐட்லர் சக்கரத்தோட ரப்பர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாயிருக்கும், இல்லைன்னா சுருளுக்கு அடியில இருக்கற ஃபெல்ட் கிளட்ச்ல எண்ணெய் பட்டிருக்கும். ஐட்லர் ஓரத்தையும் பின்ச் ரோலரையும் 600 எமரித் தாள்ல லேசா தேய்ச்சு, ஆல்கஹால்ல துடைச்சு உடனே காய விடுங்க. நகத்தால அழுத்தினா கொஞ்சம் உள்வாங்கணும். கல்லு மாதிரி இருந்தா மாத்தறதைத் தவிர வழியில்லை.

எண்ணெய் விஷயத்துல கண்டிப்பா இருங்க. கேப்ஸ்டன் அடிப்புஷ்ஷுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையால. அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பனியில உறையும், பிறகு பிசினாகும். துரு எடுக்கற ஸ்பிரேயும் வேண்டாம், அது பரவி பெல்ட்டுக்குப் போயிடும். கீ இறுகலா இருந்தா பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கும். அதை வழிச்சு எடுத்துட்டு பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கற வெள்ளை கிரீஸ் அரிசியளவு வைங்க.

கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு இன்னொண்ணு. கிரானைட் அறுக்கற பட்டறைப் பக்கம் கிடந்த செட்டா இருந்தா உள்ளே சாம்பல் தூள் படிஞ்சிருக்கும். அதுல இருக்கற குவார்ட்ஸ் ஹெட்டைவிடக் கடினம். துணியால துடைச்சா ஹெட் முகத்துல கீறல் விழும். முதல்ல மெல்லின பிரஷ்ஷும் ஊதற பந்தும், அப்புறம்தான் ஆல்கஹால்.

சத்தம் கரகரப்பா வருது, இல்லைன்னா விசில் அடிக்குதுன்னா உடனே ஐ.சி. மேல சந்தேகப்படாதீங்க. போர்டுல நீளமா ஒரு ரெக்கார்டு-பிளே நழுவு சுவிட்ச் இருக்கும், வரிசையா நிறையக் காலு. அது கருத்துப் போயிருக்கும். கான்டாக்ட் கிளீனர் ரெண்டு பீய்ச்சு அடிச்சுட்டு, ரெக்கார்டு கீயை ஒரு இருபது முப்பது தடவை அழுத்தி எடுங்க. கேசட் போடாம செய்யுங்க. கேசட் இல்லைன்னா கீ இறங்காது, அதனால பல்லைத் தேடற நெம்பை விரலால தள்ளிப் பிடிச்சுக்கணும்.

ரெண்டாவது செட்டு அசையலைன்னு சொன்னீங்க. பேட்டரி வயர்தான் முதல் சந்தேகம், அதைத் தாண்டி எல்லாரும் மறக்கற ஒரு இடம் இருக்கு. மைக் ஓட்டைக்குப் பக்கத்துல சின்னதா 2.5 மி.மீ. ஓட்டை, ரிமோட்னு போட்டிருக்கும். மைக்ல இருக்கற சுவிட்சால மோட்டாரை நிறுத்த வெச்சது. பிளக் சொருகாதப்போ மோட்டார் கரண்ட் அந்த ஓட்டைக்குள்ள இருக்கற தகடு வழியாத்தான் போகுது. தகடு கருத்தா மோட்டார் செத்த மாதிரி இருக்கும். கிளீனர் அடிச்சு, 2.5 பிளக்கைப் பத்து தடவை சொருகி எடுங்க. மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாத்தே ஆகணும்.

பூத்ததைச் சுத்தம் பண்ண, என்ன பேட்டரி ஒழுகிச்சுன்னு தெரியணும். அல்கலைன் ஒழுகல் காரம், அதுக்கு வினிகர் இல்லைன்னா எலுமிச்சைச் சாறு. பழைய சாதா பேட்டரி ஒழுகல் அமிலத்தன்மை, அதுக்குச் சமையல் சோடாவைத் தண்ணியில குழைச்சது. நுரை அடங்கினதும் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல துடைச்சு நல்லா உலர்த்துங்க. கருத்த வயர்ல ஈயம் பிடிக்காது. நல்ல செம்பு தெரியற வரைக்கும் வெட்டுங்க, போதலைன்னா வயரையே மாத்துங்க.

வேகம் கடைசி. 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிவான சோதனைக் கேசட் போட்டு, போன்ல அதிர்வெண் காட்டற ஆப்பை ஸ்பீக்கர் கிட்ட வைங்க. 3030 காட்டினா ஒரு சதவீதம் வேகம் அதிகம். பெரும்பாலான மோட்டார்ல பின்பக்கம் ரப்பர் மூடின ஓட்டைக்குள்ள திருகு இருக்கும், பிளாஸ்டிக் முனையால முடியளவு திருப்புங்க. அரை மணி ஓடி சூடானப்புறம் இன்னொரு தடவை பாருங்க. பெல்ட் புதுசா இருக்கறப்போ, எண்ணெய் போட்டு முடிச்சப்போதான் இதைச் செய்யணும், முன்னாடியே செஞ்சா ரெண்டு வேலை.

---

ஓசூர் டூல்ரூம் பதில்:

பிளாஸ்டிக் பகுதிக்கு என் பதில்.

பேட்டரி மூடி ஒன்றுக்காக மோல்டு (அச்சு) போடச் சொல்லாதீர்கள். சிப்காட் பக்கம் எந்த டூல்ரூமும் ஒரு உருப்படிக்கு மோல்டு வெட்டுவதை நியாயமான விலையில் செய்ய முடியாது. முதல் செட்டின் மூடி இருக்கிறது, அதை அளந்து 3டி பிரின்ட் எடுப்பதே வழி. வெர்னியரில் நீளம், அகலம், சுவர்த் தடிமன், கொக்கியின் உயரம், நாக்குகளின் இடம் ஆகியவற்றை எடுங்கள். பொருந்தும் ஒவ்வொரு பக்கத்திலும் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். மூடியைத் தட்டையாகப் படுக்க வைத்து அடித்தால் கொக்கி, அடுக்குக் கோட்டிலேயே உடையும். கொக்கி வளையும் திசைக்கு அடுக்குகள் குறுக்கே வராதபடி பக்கவாட்டில் நிறுத்தி அடியுங்கள். பிரின்ட் எடுக்கும் பிளாஸ்டிக் பி.இ.டி.ஜி. அல்லது ஏ.பி.எஸ். ஆக இருக்கட்டும், பி.எல்.ஏ. வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய காரில் வைத்தால் அது வளைந்துவிடும்.

பெட்டியைப் பிரித்து வைக்கும்போது மாணவர்களுக்குக் காட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெட்டியின் சுவர்கள் செங்குத்தாக இல்லை என்பதை மூலைமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டிகிரி அளவுக்குச் சரிவு இருக்கும். அது இல்லாவிட்டால் அச்சிலிருந்து பெட்டி கீறாமல் வெளியே வராது. தோல் போன்ற சொரசொரப்பு உள்ள பக்கத்தில் சரிவு இன்னும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சொரசொரப்புப் புள்ளியும் அச்சைப் பிடித்துக்கொள்ளும். உட்புற விலா எலும்புகள் சுவரைவிட மெல்லியவை, பாதியளவு தடிமன்தான். அதே தடிமனில் வைத்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் மெதுவாக ஆறி, வெளிப்பக்கம் பள்ளம் விழும். ஸ்பீக்கர் முகப்பின் கீற்றுகள் அச்சு திறக்கும் திசையிலேயே துளைத்துச் செல்வதையும் கவனியுங்கள். அழகுக்கு வைத்ததாகத் தோன்றும் அந்தக் கோடுகளுக்குத் தனி நகர்பாகம் தேவைப்படவில்லை, அச்சு மலிவாகிவிட்டது. மேல்மூடியும் அடிமூடியும் சேரும் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விட்டிருப்பார்கள். இரண்டு பாதியும் கால் மி.மீ. முன்னே பின்னே சுருங்கினாலும் அந்த நிழல் கோடு அதை மறைத்துவிடும்.

திருகுத் தூண்கள் வெடித்திருந்தால் ஃபெவிக்விக் வகைப் பசை மட்டும் நிற்காது. அந்தப் பெட்டியின் மறைவான மூலையில் சுரண்டிய ஏ.பி.எஸ். தூளை எம்.இ.கே. என்ற கரைப்பான் திரவத்தில் கரைத்துக் கூழாக்கி விரிசலில் விட்டு, தூணைச் சுற்றி மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டை மாட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது. கூழ் வெளிப்பக்கத்தில் ஒரு துளி பட்டாலும் அடையாளம் போகாது.

மஞ்சள் பற்றி: ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் ஏ.பி.எஸ். வெளுக்கும், உண்மைதான். ஆனால் காட்சிப் பொருளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீராக வெளுக்காமல் திட்டுத் திட்டாக நின்றுவிடும், மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்தது போலாகும், நாளடைவில் மஞ்சள் திரும்பவும் வருவதுண்டு. இளஞ்சூடான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். அச்சிட்ட எழுத்துகளையும் வெள்ளிக் கோடுகளையும் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், எழுத்து பஞ்சோடு வந்துவிடும். பளபளக்கும் கீகள் உலோகம் அல்ல, குரோமியம் பூசிய பிளாஸ்டிக். பித்தளை பாலிஷ் போட்டால் மெல்லிய பூச்சு தேய்ந்து அடியில் இருப்பது வெளியே தெரியும்.

---

காவேரிப்பட்டணம் சர்வீஸ்:

டூல்ரூம் சார் சொன்னதுல மஞ்சள் விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. பார்வையாளர் முன்னால வெச்சு ஓட்டற செட்டு பளிச்சுனு இருந்தாத்தான் பசங்க கிட்ட வருவாங்க. பிரிச்சுப் போடற செட்டோட மூடியில 12 சதவீத பெராக்சைடை முதல்ல முயற்சி பண்ணுங்க, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு. நல்லா வந்தா ஓடற செட்டுக்குப் போங்க.

ஓசூர் டூல்ரூம்:

இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு பாடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளுத்ததும் வெளுக்காததும். ஆனால் ஓடுகிற செட்டில் கை வைக்க வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. கேசட் பள்ளத்தின் உட்பக்கம் வெயில் படாத இடம், அசல் நிறம் அங்கே இருக்கும். அந்த நிறத்தைப் படம் எடுத்து அட்டையில் ஒட்டுங்கள்.

---

தென்பெண்ணை:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. முதல் செட்டைத் திறந்தாயிற்று, பெல்ட் தாராகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். நடுத்தர அளவு பேட்டரி இங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை. பவர் பேங்கில் இருந்து 5 வோல்ட் கொடுக்கலாமா? கூத்துக் கேசட் ஒன்றில் சத்தம் மந்தமாக, மூடி வைத்துக் கேட்பது போல வருகிறது. ஹெட் கெட்டதா, டேப் கெட்டதா?

---

காவேரிப்பட்டணம் சர்வீஸ் பதில்:

பவர் பேங்க்ல ஓடும், ஆனா ரெண்டு தொந்தரவு. உள்ளே இருக்கற ஸ்விட்சிங் சுற்றோட கீச்சுச் சத்தம் ஸ்பீக்கர்ல வரும். கரண்ட் ரொம்பக் கம்மியா இழுக்கறப்போ சில பவர் பேங்க் தானா அணைஞ்சுடும். பென்சில் செல்லைப் பெரிசாக்கற பிளாஸ்டிக் உறை ஆன்லைன்ல கிடைக்குது. ரீசார்ஜ் செல் நாலு போட்டா 4.8 வோல்ட், பெரும்பாலான செட்டு அதுல ஓடும், செல் இறங்கறப்போ வேகம் முதல்ல தளரும். நாள் பூரா மேசையில ஓடணும்னா 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், அப்புறம் அதை 6 வோல்ட்டா நிறுத்தற 7806 ரெகுலேட்டர், அதுக்கு ஒரு சின்ன ஹீட்சிங்க். 6 வோல்ட் சுத்தமா வரும்.

பின்னால இருக்கற டி.சி. ஓட்டையில சொருகறதுக்கு முன்னாடி துருவம் பாருங்க. பழைய ஜப்பான் செட்டுல நிறைய நடு முனை மைனஸ். இப்ப கடையில கிடைக்கற அடாப்டர் பெரும்பாலும் நடு முனை பிளஸ். பேட்டரியை எடுத்துட்டு, மல்டிமீட்டரோட கருப்பு முனையை பேட்டரி அறையோட மைனஸ் தகட்டுலயும் இன்னொரு முனையை ஓட்டை நடுவுலயும் வெச்சு எது எதோட சேருதுன்னு பார்த்து, செட்டுலயே படம் போட்டு ஒட்டிடுங்க. மாத்திக் கொடுத்தா ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. அந்த நொடியே போயிடும்.

---

கம்பைநல்லூர் ஒலி பதில்:

மந்தமான சத்தத்துக்கு ஹெட்டையும் டேப்பையும் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கேசட்டோட வாயைப் பாருங்க. நடுவில் வெண்கலத் தகட்டு ஸ்பிரிங்ல ஒரு சின்ன ஃபெல்ட் திண்டு இருக்கணும். டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கறது அதுதான். பழைய கேசட்டில் பசை காய்ஞ்சு அது உதிர்ந்து உள்ளேயே உருளும். உதிர்ந்திருந்தா சத்தம் மங்கும், வந்து வந்து போகும். திருகு வெச்ச கேசட்டா இருந்தா அஞ்சு திருகையும் கழட்டி, சுருள் ரெண்டையும் அப்படியே நல்ல கூட்டுக்கு மாத்துங்க. ஒட்டின கேசட்டா இருந்தா சந்தில் கத்தி முனையை வெச்சு மெல்ல நெம்பணும், கூடு உடையறது பரவாயில்லை, டேப் மேல கத்தி படக் கூடாது. மாத்தறப்போ டேப்பைச் சுருள் முகத்தில் விரல் படாம ஓரத்தில் பிடிங்க, உள்ளே இருக்கற வழுக்குத் தாள் ரெண்டையும் மறக்காம புதுக் கூட்டில் போடுங்க. அது இல்லாட்டி சுருள் சுவரை உரசிக் கீச்சிடும்.

திண்டு சரியா இருந்தா அடுத்தது ஹெட்டோட சாய்வு. ஹெட்டுக்கு ரெண்டு திருகு, அதில் ஸ்பிரிங் வெச்சது சாய்வுத் திருகு. பதிவு பண்ணின செட்டோட ஹெட் கொஞ்சம் சாய்ஞ்சு இருந்திருந்தா, உங்க செட்டிலும் அதே சாய்வு வந்தாத்தான் தாளச் சத்தம் கூர்மையா விழும். பாட்டு ஓடறப்போ திருகைக் கால் சுத்துக்குள்ள இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, தாளத்தோட சில்லுனு சத்தம் எங்க உச்சத்துக்கு வருதோ அங்க நிறுத்துங்க. தொடங்கின இடத்தை மார்க்கரால குறிச்சு வைங்க, அடுத்த கேசட்டுக்கு வேற இடம் வரலாம். அந்த நிலையிலேயே, காதொலி ஓட்டையில் இருந்து கம்பியூட்டருக்கு ஒரு பிரதி எடுத்துடுங்க. மேசையில் நாள் பூரா ஓட்டறதுக்கு அந்தப் பிரதியை வேற கேசட்டில் பதிவு பண்ணி வைங்க, மூலக் கேசட்டை ஓட்டாதீங்க.

மேசை அமைப்புக்கு ஒண்ணு. ஷூபாக்ஸில் பெல்ட்டும் ஃபிளைவீலும் அடிப்பக்கம்தான் இருக்கு, மேலே இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ஓடற செட்டோட அடிமூடியைக் கழட்டிட்டு, நாலு மூலையிலும் 10 செ.மீ. தூண் வெச்சு தூக்கி நிறுத்தி, அடியில் ஒரு முகம் பார்க்கற கண்ணாடியைச் சாய்ச்சு வைங்க. பேட்டரி அறை அடிமூடியோட போயிடும், அதனால 6 வோல்ட்டை அடாப்டர் வழியா கொடுங்க. சுத்தி 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் மறைப்பு வேணும், இல்லாட்டி ஃபிளைவீலைத் தொடாம ஒரு பையனும் நகர மாட்டான்.